வளைகுடாவில் தக்காளி: வெட்டவெளியிலா, வலைக்குள்ளா? பயனுள்ள 35 குறிப்புகள்

ஊட்டியில் பசுமைக்குடில் போடுவது குளிருக்கும் மழைக்கும் பயந்து. இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் கண்ணாடிக் குடிலுக்குள் தக்காளி வளர்ப்பது, வெளியே சூடு போதாது என்பதால். துபாய், அபுதாபி, தோஹா, மஸ்கட், குவைத் என்று வளைகுடாவில் குடியிருக்கும் நமக்குக் கணக்கு தலைகீழ். இங்கே தக்காளிக்குப் பகை வெயிலும் புழுக்கமும் வெள்ளை ஈயும்தான். குளிர்காலமோ அதற்கு நல்ல காலம். எந்த மாதம் செடியைத் திறந்த வெளியில் விடலாம், எந்த மாதம் வலைக்குள் வைக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால், பிளாட் பால்கனியிலும் வில்லா முற்றத்திலும் நாலைந்து மாதம் வீட்டுத் தக்காளியே ரசத்துக்கும் சட்னிக்கும் ஆகும்.

காலம் பார்த்தல்

1. ஆடிப்பட்டம் இங்கே செல்லாது. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது நம் ஊர் மழையை நம்பிச் சொன்னது. வளைகுடாவில் ஆடி மாதம் உச்சக் கோடை. நமக்குப் பொருந்துவது ஆவணிப் பட்டம். ஆவணியில் வீட்டுக்குள் விதைத்து, புரட்டாசியில் வெளியே நட்டால், கார்த்திகைக் கடைசியிலிருந்து காய் பறிக்கலாம்.

2. பகலைவிட இரவைக் கவனியுங்கள். தக்காளி நன்றாகக் காய் பிடிக்க, பகலில் 21 முதல் 30 டிகிரி வரையும் இரவில் 15 முதல் 20 டிகிரி வரையும் இருந்தால் போதும். பகலில் 35 டிகிரியையும் இரவில் 24 டிகிரியையும் தாண்டினால் மகரந்தம் வீரியம் இழக்கும். பூ இருக்கும், பிஞ்சு இருக்காது. துபாயில் ஆகஸ்ட் மாத இரவே சராசரியாக 30 டிகிரி. ஜனவரியில் பகல் 24, இரவு 14 டிகிரியை ஒட்டி இருக்கும். தக்காளி கேட்பதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

3. சுஹைல் தெரிந்தால் விதையை எடுங்கள். ஆகஸ்ட் 24 வாக்கில், விடியலுக்கு முன் தெற்கு வானில் சுஹைல் என்ற பிரகாசமான விண்மீன் தென்படத் தொடங்கும். அதோடு கோடையின் கடுமை தணியத் தொடங்கும் என்பது அரபு மக்களின் பழைய கணக்கு. நம்மவர்கள் அகத்தியர் என்று சொல்லும் விண்மீனும் அதுதான். ஆனால் அன்றைக்கே வெளியில் நட்டுவிடக் கூடாது. வீட்டுக்குள் நாற்று விட மட்டுமே அது நாள்.

4. இரண்டு தவணையாக விதையுங்கள். ஆகஸ்ட் கடைசியில் ஒரு தவணை, அக்டோபர் நடுவில் இன்னொன்று. முதல் தவணை டிசம்பர், ஜனவரியில் காய்க்கும். இரண்டாவது பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை கைகொடுக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைத்தால் மூன்று வாரம் கூடை கூடையாக வரும், பிறகு ஒன்றும் இருக்காது.

5. உங்கள் ஊரைப் பொறுத்து நாளை மாற்றுங்கள். அல் ஐன், லிவா, ரியாத் போன்ற உள்நாட்டு ஊர்களில் இரவு சீக்கிரமே குளிர்ந்துவிடும். கடலோரத்தில் அக்டோபர் பாதிவரை இரவிலும் புழுக்கம் போகாது. அதனால் கடலோரப் பகுதியில் இருப்பவர்கள் நடவை ஒன்றிரண்டு வாரம் தள்ளிப்போடலாம்.

வெளியிலா, மறைவிலா?

6. நவம்பர் முதல் மார்ச் வரை வெட்டவெளியே போதும். இந்த ஐந்து மாதமும் செடிக்கு மேலே நிழல் எதுவும் வேண்டாம். வெயில் நேராகப் படட்டும், காற்று தாராளமாக வீசட்டும். ராஸ் அல் கைமாவின் திக்தாகாவில் 1955இல் வேளாண் சோதனைப் பண்ணை தொடங்கிய காலத்திலிருந்தே, இந்தப் பகுதியின் காய்கறிப் பட்டம் குளிர்காலம்தான். ஓமனின் பாத்தினா கரையோரத்திலும் குளிர்காலத்தில் தக்காளி திறந்த வயலில்தான் விளைகிறது.

7. பருவத்தின் இரண்டு முனையிலும் நிழல்வலை. செப்டம்பர் கடைசி, அக்டோபர், பிறகு ஏப்ரல்: இந்த மாதங்களுக்கு 50 சதவீத நிழல்வலை வேண்டும். அதைச் செடியின் மேல் போர்த்தாதீர்கள். செடி உச்சிக்கு மேல் இரண்டடி இடைவெளி விட்டுக் கட்டினால் சூடான காற்று மேலே போய்விடும். ஒரு பக்கம் மட்டும்தான் கட்ட முடியும் என்றால் மேற்குப் பக்கம் கட்டுங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் வரும் வெயில்தான் செடியை வாட்டுகிறது.

8. வலையை மறக்காமல் கழற்றுங்கள். நவம்பரிலும் வலையை விட்டு வைத்தால் செடி வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று மெலிந்து வளரும், பூ குறையும். பகல் வெப்பம் 32 டிகிரிக்குக் கீழே வந்ததும் வலையைச் சுருட்டி வையுங்கள். மார்ச் முடிந்ததும் மீண்டும் விரிக்கலாம்.

9. பூச்சித்தடுப்பு வலை வேறு, நிழல்வலை வேறு. நிழல்வலையின் கண் பெரிது. வெள்ளை ஈ எளிதாகப் புகும். வீட்டுக் கொசுவலையிலும் புகுந்துவிடும். நர்சரிகளில் 50 மெஷ் பூச்சி வலை என்று கேட்டு வாங்குங்கள். நட்ட முதல் ஆறு வாரம் இளஞ்செடியை அதற்குள் வைத்தாலே பாதி நோய் தவிரும். கண் நெருக்கமான வலை என்பதால் உள்ளே காற்றோட்டம் குறையும். ஆகவே வெயில் தணிந்த பிறகு பயன்படுத்துவதே நல்லது.

10. ஜிப் வைத்த பிளாஸ்டிக் குடில் வேண்டாம். இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் கூடாரங்கள் குளிர் நாடுகளுக்காகச் செய்தவை. இங்கே அக்டோபர் மதியத்தில் அது அடுப்பாகிவிடும். உள்ளே சூடு தங்கும், வெளியே போக வழியில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல நிழல்வலையும் பெரிய தொட்டியும் வாங்கலாம்.

11. குளிருக்கு மூட வேண்டிய இடங்களும் உண்டு. குவைத்தின் பாலைவனப் பகுதிகளிலும், சவூதியின் வடக்கிலும், ஓமனின் ஜபல் அக்தர் மலையிலும் ஜனவரி இரவுகளில் வெப்பம் பூஜ்யத்தை நெருங்கும். பத்து டிகிரிக்குக் கீழே போனால் தக்காளி வளர்ச்சி நின்றுவிடும். உறைபனி பட்டால் செடி கருகிவிடும். அங்கே இருப்பவர்கள் மாலையில் பழைய பருத்திப் போர்வையோ மெல்லிய துணியோ போர்த்தி, காலையில் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். குவைத்தின் வஃப்ரா, அப்தலி பண்ணைகளில் குளிர்காலத்திலும் மூடிய குடில்களைப் பார்க்கலாம்.

12. கோடைத் தக்காளியைப் பண்ணைக்காரர்களிடம் விட்டுவிடுங்கள். மூடிய குடிலில் கோடையிலும் விளைவிக்க முடியும் என்பதற்கு அமீரகத்திலேயே வரலாறு உண்டு. அபுதாபியின் ஷேக் சாயித் ஆதரவோடு, 1969இல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாதியாத் தீவில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். டீசல் எந்திரத்தின் கழிவுச் சூட்டில் கடல்நீரை நன்னீராக்கி, காற்றடைத்த பிளாஸ்டிக் குடில்களில் காய்கறி விளைவித்தார்கள். 2018இல் அல் ஐன் பக்கம் நாஹிலில் பியூர் ஹார்வெஸ்ட் நிறுவனம் குளிரூட்டிய குடிலில் தக்காளி பறித்தது. அதற்கெல்லாம் பெரும் முதலீடும் இடைவிடாத மின்சாரமும் வேண்டும். வீட்டுக்கு அது கட்டாது.

13. விசிறிக் குடில் கடலோரத்தில் ஏன் தோற்கிறது? ஈர அட்டை வழியே காற்றை இழுத்துக் குளிர்விக்கும் முறை, காற்று உலர்ந்திருந்தால்தான் பலன் தரும். ஆகஸ்டில் கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும். அட்டை நனைந்திருக்கும், உள்ளே சூடு குறையாது. வில்லாவில் இப்படி ஒன்று போட்டுத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், ஆகஸ்டில் உள்ளே எத்தனை டிகிரி இருக்கும் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

14. ஏசி அறையில் வளர்க்க விளக்கு வேண்டும். வெப்பம் சரியாக இருந்தாலும் ஜன்னலோர வெளிச்சம் காய்ப்புக்குப் போதாது. நம் கட்டடங்களின் நிறக் கண்ணாடி அதையும் குறைத்துவிடும். செடி வளர்ப்பு விளக்கை 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். இரவும் பகலும் எரியவிட்டால் இன்னும் நன்றாக வளரும் என்று நினைக்க வேண்டாம். இருட்டே இல்லாவிட்டால் தக்காளி இலை மஞ்சளித்துப் பாழாகும்.

15. பால்கனி எந்தத் திசை? தெற்குப் பார்த்த பால்கனி கிடைத்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். டிசம்பரில் துபாயில் நண்பகல் சூரியன் 41 பாகை உயரத்தில்தான் நிற்கும். அதனால் வெயில் பால்கனியின் உள்சுவர்வரை வரும். ஜூனில் சூரியன் ஏறக்குறையத் தலைக்கு நேர் மேலே போவதால் அதே பால்கனியில் நிழல்தான் இருக்கும். கிழக்குப் பார்த்ததும் நல்லதே. மேற்கு என்றால் வலை கட்டாயம். வடக்குப் பால்கனியில் குளிர்கால வெயில் எட்டிப் பார்க்காது. அங்கே தக்காளிக்குப் பதில் புதினாவும் கீரையும் வையுங்கள்.

16. கீழ்வீட்டுக்குத் தண்ணீர் சொட்டக் கூடாது. பால்கனியிலிருந்து தண்ணீர் சொட்டவிடுவது அபராதத்துக்கு உரியது என்று துபாய் மாநகராட்சி 2021இல் குடியிருப்போருக்கு நினைவூட்டியது. ஒவ்வொரு தொட்டிக்கும் அடித்தட்டு வையுங்கள். கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைக்கவே வேண்டாம். வலை கட்டுவதற்கு முன் கட்டடக் காவலாளியான நாத்தூரிடமோ நிர்வாகத்திடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தொட்டி, மண், நாற்று

17. தொட்டி 20 லிட்டருக்குக் குறைய வேண்டாம். சின்னத் தொட்டி மதியத்துக்குள் காய்ந்துவிடும், வேரும் சூடேறும். கறுப்புத் தொட்டி வெயிலை உறிஞ்சும். வெள்ளை அல்லது வெளிர் நிறத் தொட்டி வாங்குங்கள். கையில் இருப்பது கறுப்பு என்றால் வெள்ளைத் துணியோ அரிசிச் சாக்கோ சுற்றிவிடலாம். தொட்டியை நேராகத் தரை ஓட்டின் மேல் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வைத்தால் அடியிலும் காற்றோடும்.

18. பாலைவன மணலை அப்படியே போடாதீர்கள். அதில் சுண்ணாம்பும் உப்பும் அதிகம், சத்து குறைவு, தண்ணீரும் நிற்காது. தென்னை நார்க் கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரமோ மக்கிய உரமோ ஒரு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு என்ற கலவை நன்றாக வரும். பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஏற்றுமதியாகும் நார்க் கழிவுக் கட்டிகள் இங்கே நர்சரிகளிலும் கிடைக்கின்றன. கட்டியை ஊறவைத்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே கலக்குங்கள். அலசாத நார்க் கழிவில் உப்பு இருக்கும்.

19. காய் சிறியதானால் வெயில் தாங்கும். செர்ரித் தக்காளி, சிறிய பிளம் ரகங்கள் வெப்பத்திலும் ஓரளவு காய் பிடிக்கும். முதல் முறை வளர்ப்பவர்கள் அதில் தொடங்குங்கள். பெரிய பீஃப்ஸ்டேக் ரகங்களுக்கு நீண்ட குளிர்ச்சி வேண்டும். அக்டோபர் தவணைக்கு மட்டும் ஏற்றவை. விதைப் பொட்டலத்தில் இலைச்சுருள் வைரஸைத் தாங்கும் ரகம் என்று போட்டிருந்தால் கூடுதல் விலை கொடுத்தும் வாங்கலாம்.

20. நம் ஊர் ரகங்களும் இங்கே வரும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1, அண்ணஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து உருவானது. ரசத்துக்கு ஏற்ற புளிப்புள்ளது. அது கலப்பின ரகம் இல்லை என்பதால் பழத்திலிருந்தே விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் இலைச்சுருள், வாடல், இலைக்கருகல் மூன்றையும் தாங்கக்கூடிய கலப்பினம். அதன் விதையை ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். விதை கொண்டுவரத் தாவரப் பாதுகாப்பு விதிகள் நாட்டுக்கு நாடு உண்டு. கேட்டுக்கொண்டு கொண்டுவாருங்கள். மண்ணோடு செடியைப் பெட்டியில் வைக்கவே வேண்டாம்.

21. நாற்று ஏசி அறையில், ஆனால் ஏசிக் காற்றுக்கு நேரே வேண்டாம். குழித்தட்டில் கால் அங்குல ஆழத்தில் விதையுங்கள். 25 டிகிரியில் ஒரு வாரத்தில் முளைக்கும். முளைத்த அன்றே நல்ல வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் தண்டு நூலாக நீளும்.

22. வெளியே பழக்கிய பிறகு நடுங்கள். நாலைந்து இலை வந்த நாற்றை, முதல் நாள் காலையில் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு மணி நேரம் என்று ஒரு வாரம் பழக்குங்கள். நடவு மாலையில்தான். கீழ் இரண்டு இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டின் பாதிவரை மண்ணுக்குள் போகும்படி நடலாம். புதைந்த தண்டிலிருந்து புது வேர் வரும். செடி உறுதியாக நிற்கும்.

தண்ணீர், உப்பு, உரம்

23. தினம் காலையில், ஒரே அளவில். குளிர்காலத்தில் காலை ஒரு வேளை போதும். மார்ச் கடைசியிலிருந்து மாலையிலும் கொஞ்சம் விடுங்கள். ஊற்றுவதற்கு முன் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் காய் வெடிக்கும்.

24. குழாய் நீர் கொதித்தால் ஆறவையுங்கள். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் நீர் ஏப்ரல் மதியத்திலேயே கை சுடும். முந்தின இரவே வாளியில் பிடித்து வீட்டுக்குள் வைத்துவிட்டால், காலையில் வேருக்கு இதமாக இருக்கும்.

25. ஏசித் தண்ணீரை வீணாக்காதீர்கள். ஏசியில் சொட்டும் நீர் காற்றிலிருந்து பிரிந்த நீர். அதில் உப்பு இல்லை. புர்ஜ் கலீஃபாவில் இப்படிச் சேரும் ஆண்டுக்குச் சுமார் 1.5 கோடி காலன் நீர் தோட்டங்களுக்குப் போகிறது. ஒரு வாளி வைத்துப் பிடித்துச் செடிக்கு ஊற்றலாம். ஆனால் அதில் கால்சியமும் இல்லை. அதனால் குழாய் நீரோடு பாதிக்குப் பாதி கலந்து விடுங்கள், உரத்தையும் தவறவிடாதீர்கள். ஏசியைச் சுத்தம் செய்த அன்று வரும் நீர் மட்டும் வேண்டாம்.

26. மாதம் ஒரு முறை உப்பைக் கழுவுங்கள். தொட்டி விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளைப் படலம் தெரிந்தால் உப்பு சேர்ந்திருக்கிறது என்று பொருள். தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி அடியில் வடியவிடுங்கள். வடிந்த நீரைத் தட்டில் தேங்கவிடாதீர்கள். வில்லாவில் கிணற்று நீர் பாய்ச்சுபவர்கள் அதன் உப்பளவைச் சோதித்துக்கொள்ளுங்கள். வேர்ப்பகுதி மண்ணில் உப்பு மீட்டருக்கு 2.5 டெசிசீமன்ஸைத் தாண்டினால் தக்காளி விளைச்சல் இறங்கத் தொடங்கும்.

27. காயின் அடி கறுத்தால் கால்சியம் எட்டவில்லை. காயின் அடிப்பாகம் தோல் போலக் கறுத்து உள்வாங்கும். இது நோய் அல்ல. மண்ணில் ஈரம் ஏறி இறங்குவதால் கால்சியம் காய்வரை போய்ச் சேராததால் வருவது. முதலில் தண்ணீரை ஒழுங்காக்குங்கள். பிறகு கால்சியம் அடங்கிய தக்காளி உரத்தை வாரம் ஒரு முறை பாதி வீரியத்தில் கரைத்து விடுங்கள். முட்டை ஓட்டுத் தூள் நல்லதுதான். ஆனால் அது கரைய மாதக்கணக்காகும். இந்தப் பட்டத்துக்கு உதவாது.

28. தழைச்சத்தை அளவோடு கொடுங்கள். செடி கரும்பச்சையாகப் புதர் மாதிரி வளர்ந்து பூவே வைக்காவிட்டால் தழைச்சத்து கூடிவிட்டது. முதல் பூங்கொத்து வந்ததும் சாம்பல் சத்து கூடுதலான உரத்துக்கு மாறுங்கள். மண்ணின் மேல் இரண்டு அங்குலம் காய்ந்த இலையோ தேங்காய் நாரோ மூடாக்காகப் போட்டால் ஈரமும் நிற்கும், வேரும் சூடேறாது.

பூ, காய், பூச்சி

29. பூக்காம்பைப் பாருங்கள். தக்காளிப் பூவின் காம்பில், நடுவே சற்றுப் புடைத்த கணு ஒன்று இருக்கும். பூ மலர்ந்து நாலைந்து நாளில் அந்தக் கணு மஞ்சளித்தால் பூ அங்கேயே முறிந்து விழப்போகிறது. சூடோ வறட்சியோ தாக்கியிருக்கிறது. காம்பு பச்சையாகவே தடித்து, வாடிய இதழ்கள் பின்னோக்கிச் சுருண்டு, நடுவே கடுகளவு பச்சை தெரிந்தால் காய் பிடித்துவிட்டது. தினம் காலையில் இதை ஒரு பார்வை பார்த்தாலே வலையை விரிக்கும் நாளும் சுருட்டும் நாளும் தெரிந்துவிடும்.

30. காற்று படாத இடத்தில் தட்டிவிடுங்கள். தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கும். அசைவு மட்டும் தேவை. வெட்டவெளியில் அதைக் காற்று பார்த்துக்கொள்ளும். வலைக்குள்ளும் கண்ணாடி அடைத்த பால்கனியிலும் நாம்தான் செய்ய வேண்டும். காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டுக்குள், பூங்கொத்தின் பின்பக்கத்தை விரலால் சுண்டிவிடுங்கள். மின்சாரப் பல்துலக்கியைக் காம்பில் சில நொடிகள் தொட வைத்தாலும் சரி. பெரிய குடில்களில் இதற்கென்றே வண்டுத்தேனீக்களை விடுகிறார்கள்.

31. ஷமால் காற்றுக்கு முன் முட்டுக் கொடுங்கள். குளிர்காலத்தில் வடமேற்கிலிருந்து வரும் ஷமால் ஒரே இரவில் கிளையை முறித்துவிடும். நடும்போதே ஐந்தடிக் கழி ஊன்றி, பழைய பருத்தித் துணிக் கீற்றால் எட்டு வடிவில் கட்டுங்கள். தூசுக் காற்று அடித்த மறுநாள் காலை இலைகளை மெல்லத் தண்ணீர் தெளித்துக் கழுவுங்கள். பக்கக் கிளைகளை அளவாகக் கிள்ளலாம். ஆனால் காய்க்கு நிழல் தரும் இலைகளை வெட்டாதீர்கள். இந்த வெயிலில் வெறுங்காய் வெந்து வெளுத்துவிடும்.

32. மூடுபனிக் காலையில் மூடியதைத் திறங்கள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை அமீரகத்தில் விடியற்காலை மூடுபனி அடிக்கடி இறங்கும். மூடிய இடத்தில் இலையெல்லாம் நனைந்து பூஞ்சைப் புள்ளிகள் வரும். காலையிலேயே வலையையும் கண்ணாடிக் கதவையும் திறந்து காற்றோடவிடுங்கள். மண்ணைத் தொடும் கீழ் இலைகளை எடுத்துவிடுங்கள். மழை எச்சரிக்கை வந்தால் தொட்டிகளைச் சுவரோரம் நகர்த்தி, அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். 2024 ஏப்ரல் 16 அன்று அல் ஐன் பகுதியின் கத்ம் அல் ஷக்லாவில் ஒரு நாளுக்குள் 254.8 மி.மீ. மழை கொட்டியது.

33. வெள்ளை ஈ, ஊசிப்புழு, செஞ்சிலந்தி. நுனி இலை மேல்நோக்கிச் சுருண்டு, ஓரம் மஞ்சளித்து, செடி குட்டையாக நின்றுவிட்டால் அது வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸ். மருந்தில்லை, செடியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்றை முதல் நாளிலிருந்தே தொங்கவிடுங்கள். இலையில் வெள்ளைத் திட்டும் காயில் ஊசித் துளையும் இருந்தால் டூட்டா என்ற ஊசிப்புழு. தென்னமெரிக்காவில் பிறந்த இந்தப் பூச்சி 2014இல் மகாராஷ்டிரம் வந்து, பிறகு தமிழ்நாட்டுத் தோட்டங்களையும் தாக்கியது. வளைகுடாவிலும் இருக்கிறது. திட்டு கண்ட இலையை உடனே கிள்ளி, பையில் கட்டி எறியுங்கள். ஏப்ரல் வறட்சியில் இலையடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் செஞ்சிலந்தி. காலையில் இலையின் அடிப்பக்கம் நன்றாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள். ஒரு லிட்டர் நீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் கலந்து, வெயில் இறங்கிய பிறகு வாரம் ஒரு முறை தெளித்தால் மூன்றுமே கட்டுக்குள் இருக்கும்.

அறுவடையும் கோடையும்

34. ஏப்ரலில் செடியிலேயே பழுக்கவிடாதீர்கள். 30 டிகிரியைத் தாண்டினால் பழத்துக்குச் சிவப்பு தரும் நிறமி உருவாகாது. மஞ்சளும் ஆரஞ்சுமாகவே நின்றுவிடும். மைனாவும் கொத்தும். அடியில் இளஞ்சிவப்பு தெரிந்ததும் பறித்து, வீட்டுக்குள் தட்டில் பரப்பி வைத்தால் நாலைந்து நாளில் நன்றாகச் சிவக்கும். முழுக்கப் பழுக்காததைக் குளிர்பெட்டியில் வைத்தால் மணமும் ருசியும் போய்விடும். பிப்ரவரி, மார்ச்சில் சந்தையில் உள்ளூர்த் தக்காளி மலியும். வீட்டுக் காயும் சேரும்போது தொக்கு கிளறி வையுங்கள். உப்பிட்டு வெயிலில் வற்றல் போடுங்கள். அரைத்து ஐஸ் தட்டில் உறையவைத்தால் கோடை முழுக்கக் குழம்புக்கு ஆகும்.

35. கோடையில் செடியை அல்ல, மண்ணை மூடுங்கள். மே கடைசியில் செடிகளைப் பிடுங்கிவிடுங்கள். தொட்டி மண்ணைக் கிளறி, நன்றாக நனைத்து, நிறமில்லாத பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் மூடி வெயிலில் ஆறு வாரம் விட்டுவிடுங்கள். உள்ளே ஏறும் சூட்டில் நூற்புழுவும் பூஞ்சையும் களை விதையும் செத்துவிடும். பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போகும் குடும்பங்களுக்கு இது மிகவும் வசதி. செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் தேட வேண்டாம், திரும்பி வரும்போது மண் தயாராக இருக்கும். கொஞ்சம் புது மண்புழு உரம் கலந்தால் போதும்.

சுருக்கமாகச் சொன்னால், வளைகுடாவில் தக்காளிக்கு நவம்பர் முதல் மார்ச் வரை வானமே கூரை. செப்டம்பர் கடைசி, அக்டோபர், ஏப்ரல் மாதங்களுக்கு நிழல்வலை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மண்ணுக்கு மட்டும் வேலை. குளிர் நாடுகளின் புத்தகத்தைப் பார்த்துக் குடில் வாங்கிப் பணத்தைக் கரைக்காதீர்கள். இந்த ஆவணியில் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்து நாலே நாலு விதை போடுங்கள். பொங்கலுக்கு உங்கள் வீட்டுத் தக்காளியிலேயே ரசம் வைக்கலாம்.